நாகர்கோவிலிலிருந்து விமானப் பயணம்: தூரத்தையும் நேரத்தையும் சரியாகக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனாலும் 'நாகர்கோவில் – துபாய் விமான நேரம்' என்று தேடிப் பாருங்கள். ஏதாவது ஓர் இணையதளம் உடனே ஒரு தூரத்தையும் ஒரு நேரத்தையும் காட்டும். அது வரைபடத்தில் இரண்டு ஊர்ப் பெயர்களுக்கு நடுவே கோடு போட்டு எடுத்த கணக்கு. அதை நம்பித் திட்டம் போடுபவர்கள்தான் கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையில் நிற்கும்போது கடிகாரத்தைப் பார்த்துப் பதறுகிறார்கள்.

அக்கம்பக்கத்தில் பலருக்கும் டிக்கெட் பார்த்துக் கொடுக்கிறேன். முதல்முறை வளைகுடாவுக்குப் போகும் நர்ஸ், குளச்சல் பக்கத்திலிருந்து மீன்பிடி வேலைக்குப் போகும் தம்பி, டில்லியில் தேர்வு எழுதப் போகும் மாணவர் என்று எல்லோரும் தடுமாறுவது ஏறத்தாழ ஒரே இடங்களில்தான். கீழே உள்ள வரிசையில் கணக்குப் போட்டால் அந்தத் தடுமாற்றம் வராது. வரிசையை மாற்ற வேண்டாம். ஒரு படியில் கிடைக்கும் விடைதான் அடுத்த படிக்குத் தேவை.

1. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

டிக்கெட்டின் முழுப் பிரதி வேண்டும். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 'காலை 4.30 ஃபிளைட்' என்ற ஒரு வரி போதாது. டிக்கெட்டில் புறப்படும் நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு, முனைய எண், தேதி, பெட்டி எடை, செக்-இன் மூடும் நேரம் எல்லாம் இருக்கும். இந்தக் கணக்கு முழுவதும் அவற்றை வைத்துத்தான்.

அடுத்து, கூகுள் மேப்ஸ் உள்ள கைபேசி. ஒரு தாளும் பேனாவும். தமிழ் மாதங்கள் உள்ள நாட்காட்டியும் தேவைப்படும். அது எதற்கு என்று 9-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

2. முதலில் விமான நிலையத்தை முடிவு செய்யுங்கள்

தூரம் அளப்பதற்கு முன் இதை முடிக்க வேண்டும். எங்கிருந்து பறக்கிறோம் என்று தெரியாமல் அளக்கும் தூரத்துக்குப் பொருள் இல்லை.

மாவட்டத்தில் பெரும்பாலோருக்குத் திருவனந்தபுரம்தான். நாகர்கோவிலிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 70 கி.மீ. மார்த்தாண்டம், குழித்துறைக்காரர்களுக்கு இதைவிட நன்றாகவே குறையும். கன்னியாகுமரியிலிருந்து கிளம்பினால் சுமார் 90 கி.மீ. வளைகுடா நாடுகளுக்கு நேரடி விமானம் இங்கிருந்தே கிடைக்கும்.

ஆரல்வாய்மொழி, தோவாளை, பூதப்பாண்டிப் பக்கம் உள்ளவர்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போவதாக இருந்தால் தூத்துக்குடி விமான நிலையத்தையும் பார்க்கலாம். அது வாகைக்குளத்தில் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி வழியாக 110 கி.மீ. அளவு வரும். தூரம் அதிகம்தான். ஆனால் வள்ளியூர், நாங்குநேரி வழியே போகும் நான்குவழிச் சாலையில் வண்டி ஒரே சீராக ஓடும். மார்த்தாண்டம் நெரிசலும் இல்லை, மாநில எல்லையும் இல்லை. 2025 ஜூலையில் அங்கே புதிய முனையம் திறக்கப்பட்டது. உள்நாட்டு விமானங்கள் மட்டும்தான்.

மதுரை சுமார் 240 கி.மீ., நெடும்பாசேரி (கொச்சி விமான நிலையம்) அதைவிட அதிகம். டிக்கெட் விலையில் மிச்சமாகும் பணத்தைக் கார் வாடகையில் விடுவதற்குத்தான் பலரும் அங்கே போகிறார்கள். திருவனந்தபுரத்தில் நேரடி விமானமே இல்லாத ஊருக்குப் போகும்போது மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

3. வான்தூரத்தை நிலையத்திலிருந்து நிலையத்துக்கு அளங்கள்

கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, திருவனந்தபுரம் ஓடுபாதையின் மேல் வலது பொத்தானை அழுத்தி, தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் போக வேண்டிய நிலையத்தின் ஓடுபாதையில் அழுத்துங்கள். கைபேசியில் அந்த இடத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, கீழே வரும் பட்டியலில் அதே வசதியை எடுக்கலாம்.

நம்மூர்க்காரர்கள் அதிகம் போகும் இடங்களுக்கு நேர்கோட்டுத் தூரம் இப்படி வரும்: திருவனந்தபுரம் – சென்னை சுமார் 610 கி.மீ.; பெங்களூரு 530; டில்லி 2,230; துபாய் 2,950.

சென்னைக் கணக்கில் ஒரு வினோதம் உண்டு. நாகர்கோவில் ஊரின் மேல் புள்ளி வைத்துச் சென்னை விமான நிலையத்துக்கு அளந்தாலும் ஏறத்தாழ அதே 610 கி.மீ.தான் வரும். அதனால் 'நாகர்கோவில் – சென்னை வான்தூரம் 610' என்று இணையதளத்தில் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். சென்னைக்குப் பறக்க முதலில் மேற்கே 70 கி.மீ. சாலையில் போக வேண்டும் என்பது அந்த எண்ணில் எங்கேயும் இல்லை.

புதியவர்கள் செய்யும் இன்னொரு தவறு, அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது. துபாய்க்கு ஒரு தளம் 2,950 என்கும், இன்னொன்று 1,830 என்கும், மூன்றாவது 1,590 என்கும். மூன்றும் ஒரே தூரம்தான்: முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், கடைசியில் கடல் மைல். ஒரு மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. எல்லாவற்றையும் கிலோமீட்டருக்கு மாற்றிவிட்டு மேலே போங்கள்.

4. தூரத்திலிருந்து பறக்கும் நேரம்

ஜெட் விமானத்துக்கு ஒரு எளிய வழி: கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, கிடைக்கும் மணிக்கணக்கோடு அரை மணி நேரம் சேர்க்க வேண்டும்.

இந்த அரை மணி எதற்கு? விமானம் மேலே ஏறி முழு வேகத்தை எட்டவும், இறங்கும்போது வேகத்தைக் குறைக்கவும், தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போகவும் நேரம் ஆகிறது. டிக்கெட்டில் உள்ள நேரமும் வானில் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் போன இடத்தில் நிற்பது வரை.

சென்னை: 610-ஐ 800-ஆல் வகுத்தால் 46 நிமிடம், அரை மணி சேர்த்தால் 1 மணி 16 நிமிடம். டில்லி: 3 மணி 17 நிமிடம். துபாய்: 4 மணி 11 நிமிடம். டிக்கெட்டில் உள்ள நேரம் இதற்கு 15, 20 நிமிடம் முன்பின்னாக இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், ஒன்று நேர மண்டலத்தைக் கவனிக்கவில்லை, அல்லது அந்த விமானம் வழியில் எங்கோ இறங்கி ஏறுகிறது. கையால் கணக்குப் போட்டுப் பார்ப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான்.

தூத்துக்குடியிலிருந்து காற்றாடி வைத்த ஏ.டி.ஆர். விமானத்தில் போவதானால் 800-க்குப் பதில் 480 போடுங்கள். சென்னைக்கு 530 கி.மீ.; ஒரு மணி 36 நிமிடம் வரும். தூரம் குறைவாக இருந்தும் நேரம் கூடுதலாக ஆவதற்கு அந்த விமானத்தின் வேகமே காரணம்.

போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருக்காது. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் அரேபியாவுக்கும் மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று பலமாக வீசும். அதனால் வளைகுடாவுக்குப் போகும்போது நேரம் சற்றுக் கூடும், ஊருக்கு வரும்போது குறையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து காற்று வீசுவதால் இந்த வித்தியாசம் மங்கிவிடும். டில்லி நமக்கு நேர் வடக்கே இருப்பதால் அந்தப் பாதையில் காற்றால் பெரிய மாற்றம் இல்லை.

5. நேர மண்டலமும் தேதியும்

அதிகம் பேர் விழுவது இந்தப் படியில்தான். பொறுமையாகப் படியுங்கள்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். ஐக்கிய அரபு அமீரகமும் ஓமனும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, கத்தார், குவைத், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால்.

ஒரு எடுத்துக்காட்டு. திருவனந்தபுரத்தில் அதிகாலை 4.30-க்குப் புறப்பட்டுத் துபாயில் 7.10-க்கு இறங்குவதாக டிக்கெட். கழித்துப் பார்த்தால் 2 மணி 40 நிமிடம்தான் வருகிறது. அதோடு ஒன்றரை மணியைக் கூட்டினால் 4 மணி 10 நிமிடம், அதுதான் உண்மை. திரும்பும்போது துபாயில் இரவு 10.00, திருவனந்தபுரத்தில் அதிகாலை 3.30. கழித்தால் ஐந்தரை மணி. ஒன்றரையைக் குறைத்தால் 4 மணி. மேற்கே போனால் கூட்டு, மேற்கிலிருந்து வந்தால் கழி.

தேதி இதைவிட ஆபத்தானது. வளைகுடா விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பிறகுதான் புறப்படுகின்றன. டிக்கெட்டில் '15-ஆம் தேதி 00.40' என்று இருந்தால், வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி சாயங்காலம். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்பவருக்கு அந்த விமானம் ஏறத்தாழ ஒரு நாள் முன்பே போய்விட்டது. வேலை விசாவில் போகிறவருக்கு இதனால் டிக்கெட் பணம் மட்டுமல்ல, சேர வேண்டிய நாளும் தவறும்.

ஆகவே தாளில் 'விமானம் 15-ஆம் தேதி' என்று எழுதாதீர்கள். 'வீட்டை விட்டு இறங்குவது 14, வெள்ளி, மாலை 6.45' என்று கிழமையோடு எழுதுங்கள். வழியனுப்ப வரும் சொந்தக்காரர்களுக்கும் டாக்சிக்காரருக்கும் அதையே சொல்லுங்கள். டாக்சிக்காரரிடம் 'பதினஞ்சாம் தேதி ராத்திரி' என்று வாய்வழியாகச் சொல்லிவிட்டு நம்பியிருப்பது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது.

6. விமான நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

'எத்தனை மணிக்குக் கிளம்பினால் எப்போது போய்ச் சேருவோம்' என்று முன்னோக்கிக் கணக்குப் போட்டால் நமக்கு வசதியான நேரத்தில்தான் மனம் போய் நிற்கும். புறப்பாட்டிலிருந்து பின்னால் வாருங்கள்.

அதே 4.30 விமானத்தை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு விமானத்துக்குச் செக்-இன் கவுன்ட்டர் பொதுவாக 60 முதல் 75 நிமிடம் முன்பே மூடிவிடும். அதாவது 3.15-க்குப் பிறகு போனால் விமானம் கண்ணெதிரே நின்றாலும் ஏற முடியாது. பெட்டி எடை, குடியேற்ற வரிசை, பாதுகாப்புச் சோதனை எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம், எனவே 1.30-க்கு முனைய வாசலில் இருக்க வேண்டும். இரவில் நாகர்கோவிலிலிருந்து சாலை 2 மணி நேரம், ஆக 11.30. எதிர்பாராததற்கு முக்கால் மணி, ஆக 10.45. இதுதான் வண்டி நகர வேண்டிய நேரம்.

இப்போது முழுப் பயணத்தையும் பாருங்கள். இரவு 10.45-க்கு வீட்டிலிருந்து கிளம்பியவர் துபாயில் இறங்கும்போது நம்மூரில் காலை 8.40. வெளியே வர ஒரு மணி நேரம். 4 மணி நேரப் பயணம் என்று சொல்வது வீட்டு வாசலிலிருந்து ஏறத்தாழ 11 மணி நேரம்.

உள்நாட்டு விமானத்துக்கு மூன்று மணிக்குப் பதில் இரண்டு மணி போதும். கவுன்ட்டர் அங்கேயும் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே மூடிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

7. சாலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது

70 கி.மீ. என்றதும் ஒன்றேகால் மணியில் போய்விடலாம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று வரிசையாகக் கடைத்தெருக்களைக் கடந்து போகும் பாதை அது. காலையில் பள்ளி நேரத்திலும், சாயங்காலத்திலும், முகூர்த்த நாளிலும், ஞாயிற்றுக்கிழமை ஆலய ஆராதனை முடியும் வேளையிலும் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மழை கொட்டினால் இன்னும் அரை மணி.

எல்லையைத் தாண்டியதும் இரண்டு வழி. பழைய சாலை பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாக நகருக்குள் போகும். பாலராமபுரத்தில் நெரிசல் வழக்கம். மற்றது காரோட்டில் தொடங்கிக் கழக்கூட்டம் வரை போகும் புறவழிச் சாலை. திருவல்லத்தில் சுங்கம் உண்டு, ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். விமான நிலையத்துக்கு இந்தப் புறவழிச் சாலைதான் நல்லது. ஓட்டுநரிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். கொல்லங்கோடு, நித்திரவிளைப் பக்கம் உள்ளவர்கள் களியக்காவிளைக்கே வர வேண்டியதில்லை; பூவார், விழிஞ்ஞம் வழியாகப் போகலாம்.

வாடகைக் காருக்குக் கேரளாவுக்குள் போகும் பெர்மிட் இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும்போதே கேளுங்கள். நள்ளிரவில் சோதனைச் சாவடியில் நின்று கேட்பதில் பயன் இல்லை.

ரயிலில் நாகர்கோவில் – திருவனந்தபுரம் சென்ட்ரல் 71 கி.மீ., ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பகல் விமானத்துக்குக் கைப்பையோடு போகிறவருக்கு ரயில் நல்ல வழி. ஸ்டேஷனிலிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோ பிடிக்கலாம். 30 கிலோ பெட்டியும் வழியனுப்பக் குடும்பமும் இருந்தால் கார்தான்.

8. முனையத்தைப் பாருங்கள்

திருவனந்தபுரத்தில் இரண்டு முனையங்களும் ஓடுபாதையின் இரு பக்கங்களில் இருக்கின்றன. உள்நாட்டு முனையம் சங்குமுகம் கடற்கரைப் பக்கம். பன்னாட்டு முனையம் சாக்கைப் பக்கம், புறவழிச் சாலையை ஒட்டி. ஒன்றிலிருந்து மற்றதற்கு உள்ளே நடந்து போக முடியாது, சாலையில் சுற்றித்தான் வர வேண்டும்.

'நான் சென்னைக்குத்தானே போகிறேன், உள்நாட்டு முனையம்தான்' என்று ஊகிக்க வேண்டாம். சில உள்நாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்திலிருந்தும் புறப்படும். டிக்கெட்டில் எண் இருக்கும். ஓட்டுநரிடம் எண்ணோடு இடத்தின் பெயரையும் சேர்த்து, 'சங்குமுகம் பக்கம்' அல்லது 'சாக்கைப் பக்கம்' என்று சொல்லுங்கள்.

9. முந்தைய நாள் பார்க்க வேண்டியவை

பங்குனி, ஐப்பசி மாதங்களில் பத்மநாபசுவாமி கோவில் ஆறாட்டு (சாமி சிலைகளைக் கடலில் நீராட்டும் விழா) ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அந்த இரண்டு நாட்களிலும் மாலையில் சுமார் 5 மணி நேரம் விமானங்கள் இயங்காது. நிறுவனங்கள் அதற்கேற்ப நேரத்தை மாற்றி அறிவிக்கும். பல மாதம் முன்பே டிக்கெட் எடுத்தவர்கள் அந்தச் செய்தியைக் கவனிக்காமல் விடுவதுண்டு. ஏஜென்டின் எண்ணைக் கொடுத்து எடுத்திருந்தால் செய்தி உங்களுக்கு வரவே வராது. நாட்காட்டி இதற்குத்தான். அந்த மாதங்களில் பயணம் என்றால் ஆறாட்டு என்றைக்கு என்று பாருங்கள், புறப்படும் நேரத்தை நிறுவனத்தின் தளத்தில் மறுபடி சரிபாருங்கள்.

கேரளாவில் ஹர்த்தால் (முழு அடைப்பு) அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் காலை 6 மணிக்குள் முனையத்துக்குப் போய்விடுவதுதான் நிம்மதி. பேருந்தை நம்பி இருப்பவர்களுக்கு இது கட்டாயம்.

10. மாறிப் போகும் விமானம்

நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாறுவதானால் இரண்டு பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே எண்ணில் இருந்து முதல் விமானம் தாமதமானால், அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் நஷ்டம் உங்களுடையது. சில நூறு ரூபாய் லாபத்துக்காகத் தனித்தனியாக எடுப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வேறு வழி இல்லாமல் எடுத்தால் இடையில் நான்கு மணி நேரமாவது விடுங்கள்.

11. சென்னைக்குப் பறக்க வேண்டுமா?

கணக்கு முடிந்தபின் இதையும் கேட்டுப் பாருங்கள். பகலில் சாலை இரண்டரை மணி, நிலையத்தில் இரண்டு மணி, விமானம் ஒன்றேகால், இறங்கி நகருக்குள் போக ஒரு மணி; மொத்தம் 7 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நாகர்கோவில் – எழும்பூர் வந்தே பாரத் ரயில் ஏறத்தாழ 9 மணி நேரத்தில் போகிறது. இரவு ரயிலில் ஏறிப் படுத்தால் விடியும்போது சென்னை. அவசரம் இல்லாதவருக்கு ரயில்தான் சரி என்பது என் கருத்து. டில்லிக்கு ரயிலில் இரண்டு இரவு போய்விடும். அங்கே விமானத்துக்குக் கொடுக்கும் பணம் தகும்.

12. அழைத்து வரப் போகிறவர்களுக்கு

அழைக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மிகச் சீக்கிரம் போய், குழந்தைகளோடு வெளியே மணிக்கணக்கில் நிற்கிறார்கள். விமானம் துபாயில் உண்மையில் எப்போது எழும்பியது என்பதை ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் பாருங்கள். அங்கிருந்து நான்கு மணி நேரத்தில் தரையிறங்கும். குடியேற்றமும் பெட்டியும் முடிய முக்கால் முதல் ஒரு மணி நேரம். இரவில் சாலை இரண்டு மணி என்றால், விமானம் எழும்பி இரண்டரை மணி நேரம் கழித்து நாகர்கோவிலிலிருந்து கிளம்பினால் போதும். பயணியின் எண்ணுக்கு இந்தியாவில் ரோமிங் இருக்காது என்று வைத்துக்கொண்டு, எந்த வாசலில், எந்தத் தூண் அருகில் நிற்பது என்பதை அவர் அங்கே விமானம் ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.